ஒரு பை ரத்தம் யாருக்கு?

"தம்பி, கோவப்படாம கேளு. அந்தப் பிள்ளைக்கு எச்ஐவியும் இருக்கு, கேன்சரும் இருக்கு. நம்மகிட்ட இருக்கறது ரெண்டே பை. மலேரியாவுல கிடக்கற பிள்ளைக்கு ஏத்துனா நாளைக்குக் காலைல எந்திரிச்சு உக்காந்துரும். இதுக்கு ஏத்தி என்ன ஆகப்போகுது?"

இதைக் கேட்டவர் கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் நம்ம ஊர்ப்பக்கத்து டாக்டர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் நடுப்பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து, மருந்து தீர்ந்தால் கைக்காசைப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர். அங்கே மழைக்காலம் வந்தால் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் கிடக்கும். மலேரியாவில் ஹீமோகுளோபின் மூன்று, நான்கு என்று இறங்கி, உள்ளங்கை வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு நேரத்துக்கு ஒரு பை ரத்தம் கிடைத்தால் மறுநாள் களி கேட்டு அழும். அதை அவர் எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறார். ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வருவதும் அதே மாதங்களில்தான். அந்த நாட்டில் ரத்தம் கொடுப்பவர்களில் பெரும்பகுதி மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் ரத்த வங்கி ஃபிரிட்ஜ் காலியாக ஆரம்பிக்கும்.

அந்த ஃபிரிட்ஜின் சாவி என்னிடம் இருந்தது. நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். பிள்ளைகளின் முகத்தைவிட ஊதா மூடி போட்ட ரத்தக் குழாய்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். யாருக்கு ரத்தம் என்று முடிவெடுப்பது என் வேலை இல்லைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு இரண்டு வார்டுகளிலிருந்து இரண்டு சீட்டு வந்தால், எதற்கு முதலில் கிராஸ்மேட்ச் (ரத்தம் பொருந்துமா என்ற பரிசோதனை) போடுவது என்பதில் ஒரு முடிவு இருக்கத்தான் செய்கிறது. அதனால் டாக்டர் கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தமிழில் பேச எங்கள் இருவருக்கும் வேறு ஆளும் கிடையாது. சாயங்கால டீயின்போதெல்லாம் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் போட்ட கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. கையிருப்பு குறைவாக இருக்கும்போது பிழைக்கிற வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவருக்கு முதலில். எந்த அவசரப் பிரிவிலும் அதுதான் நடக்கிறது. எனக்கு உறுத்தியது கணக்கு இல்லை, கணக்குக்குள் அவர் போட்ட எண். 'இந்தப் பிள்ளை பிழைக்காது' என்ற எண் எங்கிருந்து வந்தது?

கழுத்தில் கட்டி என்றால் காசநோய்

அந்தச் சிறுமிக்கு ஏழு வயது. 2010ல் பிறந்தவள். அதற்கு அடுத்த வருடம்தான் மலாவி, எச்ஐவி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் முழுக்க ஏஆர்டி, அதாவது எச்ஐவியை அடக்கி வைக்கும் மாத்திரை, என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல், பாசிட்டிவ் என்றால் அன்றே மாத்திரை. உலகத்திலேயே அதை முதலில் செய்த நாடு அது. பின்னால் மற்ற நாடுகளும் அதையே எடுத்துக்கொண்டன. இவள் ஒரு வருடம் முந்திப் பிறந்துவிட்டாள். அம்மா இறந்து, பாட்டியிடம் வளர்ந்தாள். பாட்டியை அங்கே 'அகோகோ' என்பார்கள். தாத்தாவுக்கும் அதே சொல்தான். ஒரு தலைமுறையே எச்ஐவியில் போய்ச் சேர்ந்த கிராமங்களில் பிள்ளைகளை வளர்த்ததெல்லாம் அகோகோக்கள்தான்.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு இடத்தில் சில மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். மலாவியில் ஒவ்வொரு நோயாளியிடமும் 'ஹெல்த் பாஸ்போர்ட்' என்று ஒரு சின்ன நோட்டு இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதில்தான் எழுதுவார்கள். அகோகோ அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிய துணியின் முடிச்சுக்குள் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கதை. கழுத்தில் கட்டி, காய்ச்சல், எடை குறைவு. சளிப் பரிசோதனை நெகட்டிவ். காசநோய் மருந்து ஆரம்பம். கட்டி குறையவில்லை. பிறகு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. கட்டி கூடியது.

அந்த ஸ்டீராய்டு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெறிகட்டிக் காசநோயில் வீக்கம் அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு கொடுப்பது அங்கங்கே நடக்கிற வழக்கம்தான். ஆனால் கட்டிக்குள் இருப்பது கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் என்றால் ஸ்டீராய்டு அதை ஊதிப் பெருக்கும். காசநோய் மலிந்த ஊரில் கழுத்துக் கட்டியைக் காசநோய் என்று நினைத்ததில் தவறில்லை. இரண்டு மாதத்தில் குறையாத கட்டியையும் காசநோய் என்றே நினைத்துக்கொண்டிருப்பதில்தான் இந்தப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

எனக்குமே அது கபோசி என்று தோன்றியிருக்காது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ல், பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா செய்த ஆய்வில். அந்தத் தமிழ்நாட்டு மண்ணில் படித்து வந்த எங்களுக்கு எச்ஐவி என்றால் காசநோய், வாய்ப்பூஞ்சை, மூளைக்காய்ச்சல். கபோசி பாடப்புத்தகத்தில் ஒரு படம், அவ்வளவுதான். அந்தக் கட்டியை உண்டாக்கும் எட்டாம் எண் ஹெர்ப்பிஸ் வைரஸ் நம் நாட்டில் அரிது. கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அது எச்சில் வழியாகச் சின்ன வயதிலேயே பரவிவிடுகிறது. 1872ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி எழுதியது வயதானவர்களின் காலில் வரும் கருஞ்சிவப்புப் புள்ளிகளைப் பற்றி. ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு வருவது வேறு மாதிரி. பல சமயம் தோலில் ஒன்றுமே இருக்காது, நெறிகட்டிகள் மட்டும் வீங்கும். சிடி4 ரொம்ப மோசமாகவும் இருக்காது. எச்ஐவி வருவதற்கு முன்பே உகாண்டாவில் பிள்ளைகளிடம் இந்த வகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் கண்ணுக்குப் பழகியது வியன்னாக் கிழவரின் கால்தான்.

கண்டுபிடித்தவர் எங்கள் கிளினிகல் ஆஃபீசர். மலாவியில் டாக்டர்கள் குறைவு, பாதி வைத்தியம் இவர்கள் கையில்தான். அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செல்போன் டார்ச்சை அடித்து, "ஆ" காட்டச் சொல்லி, மேலண்ணத்தைப் பார்த்தார். நாவல்பழம் தின்ற கறை போல அங்கே ஒரு ஊதாத் திட்டு. நோட்டில் அத்தனை பக்கம் எழுதியிருந்தவர்களில் வாய்க்குள் பார்த்ததாக ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

பத்தொன்பதாயிரம்

அவளுடைய ரத்தம் லேபுக்கு வந்தது. ஹீமோகுளோபின் 4.8. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 19 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. இப்படி ஒரு எண் வந்தால் நான் மெஷினை நம்புவதில்லை. சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே ஒட்டிக் கொத்தாகிவிடும். மெஷின் அந்தக் கொத்தை எண்ணாமல் விட்டுவிட்டு, குறைவு என்று சொல்லும். அதனால் ஸ்லைடு இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, ஸ்மியரின் வால்பகுதியை ஒரு ஓரம் விடாமல் ஓட்டிப் பார்த்தேன். கொத்து எங்கும் இல்லை. எண்ணெய் லென்ஸில் ஒரு வட்டத்துக்குள் ஒரு தட்டணு தெரிந்தால் தோராயமாகப் பதினைந்து, இருபதாயிரம் என்று கணக்கு. இவளுக்கு ஒரு வட்டத்தில் ஒன்று இருந்தது, அடுத்த வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மெஷின் சொன்னது சரிதான்.

அங்கிருந்துதான் தகராறு ஆரம்பித்தது. கிளினிகல் ஆஃபீசர் தலைநகர் லிலோங்வேக்குப் போன் போட்டார். அங்கே பிள்ளைகளின் புற்றுநோயை மட்டும் பார்க்கிற குழு இருந்தது. அவர்கள் சொன்னது: ரத்தம் ஏற்றுங்கள், எண்ணிக்கை ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள், ப்ளியோமைசின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் உடனே ஆரம்பியுங்கள், ஏஆர்டியும் கூடவே போகட்டும். டாக்டருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "பிளேட்லெட் பத்தொன்பதாயிரத்துல இருக்கும்போது எவன்யா கீமோ போடுவான்? போட்டா இன்னும் கீழ இறங்கி, மூளைல ரத்தம் கசிஞ்சு போய்ச் சேரும்." மருத்துவம் படிக்காத எனக்குமே அப்படித்தான் தோன்றியது. கீமோ என்றால் எண்ணிக்கை விழும், விழுந்தது ஏறினால்தான் அடுத்த ஊசி. புற்றுநோய் வார்டு உள்ள எந்த ஆஸ்பத்திரி லேபிலும் அதுதான் பாலபாடம்.

லிலோங்வேக்காரர்கள் சொன்ன காரணம் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. இந்தப் பிள்ளைகளில் ரத்த அணுக்களைக் குறைப்பது மருந்து இல்லை, நோயே. அந்த ஹெர்ப்பிஸ் வைரஸ் உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. மண்ணீரல் வீங்கி அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வின்கிரிஸ்டினும் ப்ளியோமைசினும் எலும்பு மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாத மருந்துகள். தட்டணு குறைந்துபோகிற வேறொரு நோயில் வின்கிரிஸ்டினை எண்ணிக்கையை ஏற்றுவதற்கென்றே கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எண்ணிக்கை ஏறட்டும் என்று காத்திருப்பது, நெருப்பை அணைக்காமல் புகை அடங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது மாதிரி.

அன்றைக்கு ஒரு பை அவளுக்குப் போனது. இன்னொன்று மலேரியாப் பிள்ளைக்கு. மூன்றாவதாக ஒரு சீட்டு அன்றிரவு வரவில்லை. அதை எங்கள் சாமர்த்தியம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்த ஊசிக்கு வந்தபோது தட்டணு 41 ஆயிரம். அதற்கடுத்து 88. ஹீமோகுளோபினும் இரண்டாவது பை இல்லாமலே எட்டைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் நான் ஸ்லைடு போட்டேன். தேவை இருந்ததால் இல்லை, பார்க்க ஆசையாக இருந்தது. எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய அன்று டாக்டரை லேபுக்குக் கூப்பிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஸ்லைடை அவரே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "ம்" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஒரு பிள்ளைய வச்சு முடிவு கட்டாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நியாயமான பேச்சு. ஒருத்தி பிழைத்தாள் என்பது ஒன்றையும் நிரூபிக்காது. ஆனால் அதே நியாயப்படி, பிழைக்காது என்று சொல்வதற்கும் யாராவது எண்ணியிருக்க வேண்டுமே? லிலோங்வேயில் எண்ணியிருந்தார்கள். அந்த இரண்டு மருந்தும் ஏஆர்டியும் சேர்த்துப் பெற்ற 70 பிள்ளைகளின் கணக்கு 2016ல் வெளியாகியிருந்தது. இரண்டு வருடம் கழித்து 58 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இறந்திருக்கிறார்களே என்று படிக்கலாம்தான். ஆனால் 'ஏத்தி என்ன ஆகப்போகுது' என்ற கேள்விக்கு எதிரே வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பிழைத்த கணக்கு அது. 2018ல் அதே குழு பிள்ளைகளுக்கென்றே ஒரு நிலைப்பிரிப்பையும் வெளியிட்டது. தோலிலும் வாயிலும் லேசாக இருப்பது முதல் நிலை. நெறிகட்டி இரண்டாவது. கால் மரக்கட்டை போல இறுகி வீங்குவது மூன்றாவது. நுரையீரல், குடல் என்று உள்ளே போனதும், உடம்பெங்கும் கடுமையாகப் பரவியதும் நான்காவது. இவற்றில் நெறிகட்டி வகைப் பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் அதே பிள்ளைகளைத்தான்.

'பிழைக்காது' என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். பிழைக்காது என்று சிகிச்சை தாமதமாகும், அல்லது பாதியில் நிற்கும். பிள்ளை இறக்கும். அது அடுத்த பிள்ளைக்கு ஆதாரமாகும். டாக்டர் அதைத் தானாக இட்டுக்கட்டவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். மாத்திரையும் கீமோவும் கிடைக்காத காலத்திலும் அவர் அங்கே இருந்திருக்கிறார்.

கீமோ நாள்

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. இருமலில் ரத்தம் வந்த ஒரு பையனுக்கு முதல் ஊசிக்குக்கூட நேரம் இருக்கவில்லை. கால் இறுகிப்போன இன்னொருவனுக்கு மருந்து பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. பிறகு பாக்லிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்து தேவைப்பட்டு லிலோங்வே போனான். பெரியவர்களிடம் ஆப்பிரிக்க நாடுகளிலும் பிரேசிலிலும் நடத்திய பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2020ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முற்றிய கபோசிக்குப் பாக்லிடாக்செல்தான் மேல் என்று அதில் தெளிவாயிற்று. எங்கள் காலத்தில் அது எட்டாத உயரத்தில் இருந்த மருந்து. கையில் இருந்தது வின்கிரிஸ்டின்.

வின்கிரிஸ்டின் வருவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. எங்கள் ஊர்ப்பக்கம் மானாவாரியில் போடுவார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. இலையையும் வேரையும் காயவைத்து மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுவதோடு சரி, அது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு டன் காய்ந்த இலையிலிருந்து ஓரிரு கிராம் வின்கிரிஸ்டின் கிடைத்தால் அதிகம். எங்கள் பார்மசிக் குளிர்பெட்டியில் இருந்த ஒரு மில்லிகிராம் குப்பிகள் இந்தியாவில் தயாரானவை. அதில் எங்கள் ஊர் இலை இருந்ததா என்று யார் கண்டது? நான் இருந்ததாகவே வைத்துக்கொண்டேன்.

மருந்து நல்லதுதான். ஆனால் முரடு. ஊசி நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். முதுகுத்தண்டு நீருக்குள் தவறிப் போட்டால் உயிர் போகும். எச்ஐவி உள்ள பிள்ளைகளில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்போது கொடுத்தது லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்துகள் சேர்ந்த சிரப். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, பிள்ளைகள் துப்பிவிடும். அந்த ரிட்டோனாவிர், வின்கிரிஸ்டினை உடைத்து வெளியேற்றுகிற ஈரல் நொதியைத் தடுத்துவிடும். கொடுத்தது ஒரு அளவு, உடம்பு உணர்வது வேறொரு அளவு. வயிறு கட்டிக்கொள்ளும். நடந்துகொண்டிருந்த பிள்ளைக்குப் பாதம் தொங்கிப்போகும். இதெல்லாம் கேன்சர் முற்றியதன் அடையாளம் என்று சிலர் சிகிச்சையையே நிறுத்திவிட்டதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மாத்திரை 2020க்குப் பிறகு வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு 40 டாலருக்கும் கீழே என்று விலை பேசி முடித்திருந்தார்கள். அது வந்தபின் அந்தத் தலைவலி போயிற்று. கேன்சர் மருந்து எதுவும் மாறவில்லை. எச்ஐவி மருந்து மாறியதில் கேன்சர் வைத்தியம் சுலபமாயிற்று. இந்த மாதிரி முன்னேற்றம் செய்தித்தாளில் வராது.

பஸ் காசும் அப்படித்தான். அந்தச் சிறுமியின் ரத்தக் குழாய் ஒரு கீமோ நாளில் வரவில்லை. லேபில் இருப்பவனுக்குக் குழாய் வரவில்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. இறந்திருக்கலாம், சலித்துப்போய் நின்றிருக்கலாம், மினிபஸ் வராமல் இருந்திருக்கலாம். நான்கு வாரமோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு வராவிட்டால் கைவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று குழந்தைப் புற்றுநோய்க்காரர்களிடையே ஒரு வரையறை உண்டு. 'கைவிட்டார்' என்ற அந்த வினை அகோகோ மேல் விழுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர் அப்போது மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தார். மழை பெய்த வாரத்தில் ஊன்றாவிட்டால் வருடம் முழுக்கக் களி இல்லை, வீட்டில் இன்னும் நான்கு பேரப்பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் போக்குவரத்துக் காசு, வெளியே அடுப்பு மூட்டிச் சமைக்கும் துணையாள் கொட்டகையில் இரண்டு இரவு, வயலில் இரண்டு நாள் நட்டம். வார்டு நர்ஸ் ஒருத்தி கிராமத் தலைவரின் போனில் பிடித்து, பஸ் காசு நாங்கள் தருகிறோம், ஊன்றி முடித்ததும் வாருங்கள் என்று சொன்னாள். வந்தார்கள். மிச்ச ஊசிகளும் போட்டு முடிந்தன.

அந்த நர்ஸின் போன் பில்லும் பஸ் காசும் எந்தக் கணக்குத் தலைப்பில் வந்தன என்று எனக்குத் தெரியும். எந்தத் தலைப்பிலும் வரவில்லை. டாக்டர் கொடுத்தார். ஆமாம், அதே டாக்டர்.

பட்டியலில் இல்லாத நோய்

2018ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைப் புற்றுநோய்க்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30க்கும் கீழே. 2030க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்பது இலக்கு. முன்னேற்றத்தை அளக்க ஆறு புற்றுநோய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய், பர்கிட் லிம்ஃபோமா, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, கண்ணில் வருவது, சிறுநீரகத்தில் வருவது, மூளையில் மெதுவாக வளரும் ஒரு கட்டி. கபோசி அதில் இல்லை. எல்லா நாட்டிலும் இருப்பதைத்தான் எடுக்க முடியும், புரிகிறது. ஆனாலும் மலாவி மாதிரி நாட்டில் குழந்தைப் புற்றுநோய் வார்டுக்குள் நுழைந்தால் கண்ணில் படுகிற நோய், அளவுகோலில் இல்லை. அளக்காததற்குப் பணம் ஒதுக்குவது கடினம் என்பதை லேபில் வேலை பார்த்த யாரும் சொல்வார்கள்.

செலவு குறைந்த கேன்சர் வைத்தியம், கேன்சர் வராமல் பார்ப்பதுதான். எச்ஐவி உள்ள கைக்குழந்தைகளுக்கு அறிகுறி வரும்வரை காத்திராமல் பிறந்த சில வாரங்களிலேயே மருந்து ஆரம்பித்தால் இறப்பு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 2008லேயே காட்டிவிட்டது. எதிர்ப்புச் சக்தி சிதையாத பிள்ளைக்குக் கபோசி வரும் வாய்ப்பும் குறையும். இருந்தும் 2023 கணக்கில், எச்ஐவி உள்ள பெரியவர்களில் 77 சதவீதம் பேர் மருந்து எடுக்கிறார்கள். பிள்ளைகளில் 57 சதவீதம்தான். அந்த இடைவெளியில் இருக்கும் பிள்ளைகளில் சிலர்தான் கழுத்தில் கட்டியோடு வந்து நிற்பார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது முதலில் எனக்கு ஞாபகம் வந்தது டாக்டரின் கேள்விதான். நான் பார்த்த முன்னேற்றத்தில் மாத்திரை, பரிசோதனைக் கிட், ஆள் சம்பளம் என்று பாதிக்கு மேல் அந்தப் பணத்தில் ஓடியது. ஏஆர்டி நின்றால் கபோசி திரும்பும். எண்ணிக்கை சரியும். மறுபடி இரண்டு பை ரத்தமும் மூன்று சீட்டும் என்றாகும். அப்போது யாராவது 'ஏத்தி என்ன ஆகப்போகுது' என்று கேட்டால், அந்த வருடத்துக்கு அவர் சொல்வது சரியாகவும் இருந்துவிடும்.

டாக்டர் இப்போது ஊரில்தான் இருக்கிறார். அவ்வப்போது போனில் பேசுவோம். போன தடவையும் இதைக் கிளப்பினேன். "நான் அன்னைக்குக் கேட்டதுல இன்னும் எனக்குத் தப்புத் தெரியல தம்பி. ரெண்டு பைதான் இருந்துச்சு" என்றார். எனக்கும் அதில் முழுத் தப்பு தெரியவில்லை. மூன்றாவது சீட்டு அன்றிரவு வந்திருந்தால் நான் யாருக்குக் கிராஸ்மேட்ச் போட்டிருப்பேன் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சிறுமிக்குப் போட்டது வீண் இல்லை என்பது மட்டும்தான் என்னால் சொல்ல முடிவது.

அங்கே என் இடத்தில் இப்போது ஒரு மலாவிப் பெண் வேலை பார்க்கிறார். கெட்டிக்காரி. கவுன்டர் மெஷினுக்கான ரீஏஜென்ட் வரத்து நின்றுபோய்க் கிடக்கிறது, கீமோப் பிள்ளைகளுக்குத் தட்டணு எண்ண வேண்டும், என்ன செய்யட்டும் என்று போன மாதம் வாட்ஸாப்பில் கேட்டிருந்தார். பழைய வழி இருக்கிறதே என்று எழுதினேன். ஒரு சதவீத அம்மோனியம் ஆக்ஸலேட், இருபதுக்கு ஒன்றாக நீர்க்க வேண்டும். அணு எண்ணும் கண்ணாடிச் சேம்பரை நிரப்பி, ஈரப் பஞ்சோடு மூடிய தட்டுக்குள் இருபது நிமிடம் வைத்தால் தட்டணுக்கள் அடியில் படியும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் கன்டென்சரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எண்ண வேண்டும், வெளிச்சம் அதிகமானால் ஒன்றும் தெரியாது. ஸ்லைடும் ஒன்று போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆக்ஸலேட் புட்டி மேல் அலமாரியில், இடது பக்கம் இருக்கும். தேதி முடிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.